டூயல் பேண்ட் ஃபில்டரும் அல்னிடாக்கைச் சுற்றிய வளையமும்

வானத்தைப் படமெடுக்கும் வண்ணக் கேமராவுக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று நண்பர் கேட்டிருந்தார். 7 நானோமீட்டர் டூயல் பேண்ட் ஃபில்டரை, அதாவது ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஒளிகளைச் சுற்றி அந்த அகலத்தில் இரண்டு பட்டைகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டும் ஃபில்டரை, நான் பல சீசனாகப் பயன்படுத்துகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நகர வானத்தில், பாதி நிலா இருக்கும்போதே, வெய்ல் நெபுலா என்ற வாயு மேகத்தின் இழைகள் இதில் பிரிந்து தெரிகின்றன. ஹைட்ரஜனின் சிவப்பு இழையும் ஆக்ஸிஜனின் நீலப்பச்சை இழையும் ஒன்றையொன்று சுற்றிப் போகிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியைச் சிவப்பு பிக்சல்கள் வாங்கிக்கொள்கின்றன. 500.7 ஆக்ஸிஜன் ஒளி பச்சை, நீலம் இரண்டிலும் விழுகிறது. ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் கிடைத்துவிடுகிறது. வண்ணக் கேமரா வைத்திருப்பவருக்கு இது பெரிய வரம்.

கேலக்ஸி எடுக்க மட்டும் இதைப் போட வேண்டாம். நட்சத்திரங்களின் ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவியிருப்பதால் பெரும்பகுதியை இது வெட்டிவிடும். தெருவிளக்கின் ஒளியை மட்டும் வெட்டி மற்றதை விடும் பழைய பிராட்பேண்ட் ஃபில்டர்களையும் இப்போது நம்பி வாங்க முடியாது. சோடியம் விளக்கின் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டியே குவிந்திருந்ததால் அதை வெட்டுவது சுலபம். வெள்ளை எல்இடியின் ஒளி நீலத்திலிருந்து சிவப்பு வரை விரிந்து கிடக்கிறது, எதையென்று வெட்டுவது?

சரி, இப்போது என் ஆற்றாமை. குதிரைத்தலை நெபுலாவை எடுத்தால் பக்கத்திலிருக்கும் அல்னிடாக் என்ற பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி நீலப்பச்சையில் ஒரு தட்டு வளையம். அதை ஒட்டியிருக்கும் ஃப்ளேம் நெபுலாவின் நல்ல பகுதி முழுக்க வளையத்துக்குள் போய்விடுகிறது. ஃபில்டரைக் கழற்றி எடுத்தால் வளையம் இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, பிரகாசமான நட்சத்திரம் என்றால் அப்படித்தான் என்றார். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

அளந்து பார்த்தேன். வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 1280 பிக்சல், பிக்சல் ஒன்று 3.76 மைக்ரான், ஆக 4.8 மில்லிமீட்டர். டெலஸ்கோப் எஃப்/5, அதாவது ஒளிக்கூம்பு ஐந்து மில்லிமீட்டர் போனால் ஒரு மில்லிமீட்டர் விரியும். ஐந்தால் பெருக்கினால் 24. ஒளி போய்த் திரும்பிய தூரம் அது, பாதி 12. சென்சாருக்கும் ஃபில்டருக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சென்சாரில் பட்டுத் தெறித்த ஒளி ஃபில்டரின் பின்பக்கத்தில் மோதித் திரும்பி வருகிறது. ஃபில்டர் கண்ணாடியின் மேல் பூசிய கோட்டிங்கின் குறைதான், நட்சத்திரத்தின் மேல் பழி போட இடமே இல்லை. ஃபில்டரைத் திருப்பிப் போட்டதில் கொஞ்சம் மங்கியது. இடைவெளியைக் கூட்டினால் வளையம் பெரிதாகி வெளிறும், ஆனால் போகாது. மென்பொருளில் அழித்தால் நெபுலாவும் சேர்ந்து அழிகிறது.

ரோசெட் நெபுலா, வெய்லின் கிழக்குப் பகுதி என்று பளிச்சென்ற நட்சத்திரம் குறுக்கே வராத இடங்களில் இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த சீசனிலும் இதைத்தான் மாட்டப் போகிறேன். ஆனாலும் நண்பரே, இதை வாங்குங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. வேறு தயாரிப்பில் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் அதே ஃபில்டரில் எடுத்த அல்னிடாக்கின் படத்தை, மங்கலானதும் தெரியும்படி நன்றாக ஸ்ட்ரெட்ச் செய்து, வெட்டாமல் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.