வளைவில் மணலை நகர்த்துவது துணை ஓட்டமா, கொந்தளிப்பா?

ஆற்று வளைவில் வெளிக்கரை அரிக்கிறது, உள்கரையில் மணல்திட்டு சேர்கிறது. துணை ஓட்டம், கொந்தளிப்பு இரண்டுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் வேலை வேறு.

துணை ஓட்டம், அதாவது ஆற்றின் போக்குக்குக் குறுக்கே நடக்கும் ஓட்டம், ஒழுங்கானது. மேல்நீர் வேகமாகப் போவதால் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்கும். அங்கே நீர்மட்டம் சற்று உயரும். அந்த அழுத்தம், உராய்வால் வேகம் குறைந்த அடிநீரை உள்கரைக்குத் தள்ளும், மணலோடு சேர்த்து. மொத்தத்தில் நீர் திருகாணிபோல் சுருண்டபடி முன்னே செல்லும். பொறியாளர் ஜேம்ஸ் தாம்சன் 1876-இல் இதை விளக்கினார். கலக்கிய தேநீரில் இலைகள் கோப்பையின் அடியில் நடுவே சேர்வதும் இதே கதைதான் என்று 1926-இல் ஐன்ஸ்டைன் எழுதினார். டீயை வடிகட்டாமல் ஊற்றிக் கலக்கினால் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கொந்தளிப்பு என்பது நீரின் ஒழுங்கற்ற சுழற்சி; அதற்கு நிலையான வடிவம் கிடையாது. பெரிய சுழிகள் சிறியவையாக உடைந்து, கடைசியில் வெப்பமாகித் தீரும். ஆனால் மணலைத் தரையிலிருந்து கிளப்புவதும் வண்டலை மிதக்க வைப்பதும் இதுதான்.

என்னைக் கேட்டால், வளைவில் மட்டும்தான் இப்படிப் பிரித்துப் பேச முடியும். நேரான கால்வாயில் கொந்தளிப்பே துணை ஓட்டத்தை உண்டாக்கிவிடும். பாய்ம இயக்கத்தை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் பிராண்டல் அந்தத் துணை ஓட்டத்தைத் தனி வகையாகவே வைத்தார். குறுகிய கால்வாயில் அதிகபட்ச வேகம் நீர்ப்பரப்பில் இல்லாமல் சற்றுக் கீழே இருப்பது இந்தத் துணை ஓட்டத்தால்தான்.