லாக்ஸ்டாஷ்: வந்த நேரமா, நடந்த நேரமா?

லாக் எனும் மென்பொருள் பதிவு வரிகளைத் திரட்டி அனுப்பும் கருவி லாக்ஸ்டாஷ். அதில் எதுவும் அமைக்காவிட்டால், பதிவின் நேரத்தைக் காட்டும் டைம்ஸ்டாம்ப் புலத்தில் பொதுவாக லாக் வந்துசேர்ந்த நேரமே விழும். வேலை மிச்சம்தான். ஆனால் நெட்வொர்க் துண்டித்து மீண்டால், தேங்கிய வரிகள் ஒரே நிமிடத்தில் குவிந்து, நடக்காத நெரிசலைக் காட்டும்.

லாக்ஸ்டாஷில் தேதி, நேரத்தை வாசிக்கும் டேட் ஃபில்டரைப் போட்டு, வரிக்குள் இருக்கும் நேரத்தை எடுப்பதே சரி. சிக்கல் டைம்சோனில். ஆஃப்செட் (+05:30 போன்ற நேர வித்தியாசக் குறிப்பு) இல்லாத இந்திய நேரத்தை யுடிசி எனும் உலகப் பொது நேரமாக வாசித்தால், பதிவுகள் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்துக்குத் தாவும். லாக்குகளைத் திரையில் காட்டும் கிபானாவில் 'கடைசி 15 நிமிடம்' காலியாகக் கிடக்கும். ஃபில்டரிலேயே ஏசியா/கொல்கத்தா என்று குறிப்பிடுங்கள். பழைய சிஸ்லாக் (கணினி அமைப்பின் லாக்) வடிவத்தில் ஒற்றை இலக்கத் தேதிக்கு முன் இரண்டு இடைவெளி வரும். அதற்கும் தனி வடிவம் எழுதுங்கள். பொருந்தாத வரிக்குத் தோல்விக் குறிச்சொல்லை ஒட்டிவிட்டு, ஃபில்டர் சத்தமில்லாமல் வந்த நேரத்தையே விட்டுவைக்கும். அந்தக் குறிச்சொல்லுக்கு ஓர் அலர்ட் அவசியம்.