மதராஸ் பெயர் தாங்கிய போர் விமானம்: அசலைப் பார்ப்பதா, நகலைப் பார்ப்பதா?

இரண்டாம் உலகப் போரின்போது நிதி திரட்டி அனுப்பிய மதராஸ் மாகாணத்தின் பெயரை, பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று படைப்பிரிவுகள் தம் எண்ணோடு சேர்த்துத் தாங்கின. 79, 234, 264 என்பன அவற்றின் எண்கள். 1940-இல் 79-ஆம் பிரிவு ஹரிக்கேன் விமானங்களிலும் 234-ஆம் பிரிவு ஸ்பிட்ஃபயர் விமானங்களிலும் போரிட்டன. இந்த இரண்டு வகைகளிலும் இன்று அசல் விமானங்களுக்குப் பஞ்சமில்லை. 264-ஆம் பிரிவு பறந்த போல்டன் பால் டிஃபயன்ட்டின் கதை வேறு. ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட அந்த வகையில் முழுமையாக எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. என்1671 என்ற எண் கொண்ட அது பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. இன்னொரு டிஃபயன்ட், தென்கிழக்கு இங்கிலாந்தின் ஹாக்கிஞ்சில் உள்ள கென்ட் பிரிட்டன் போர் (1940-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் நடத்திய வான்போர்) அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது அசல் அன்று. டிஃபயன்ட் பிறந்த வுல்வர்ஹாம்ப்டன் நகரில், அதைக் கட்டிய போல்டன் பால் தொழிற்சாலையின் நினைவைக் காக்கும் தொண்டர்கள் முழு அளவில் கட்டிய நகல்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. அசலான என்1671, போலந்து வீரர்களைக் கொண்ட 307-ஆம் இரவுப் போர்ப் பிரிவில் பணியாற்றியது. அந்தப் பிரிவின் கறுப்பு வண்ணத்தையே இன்றும் பூண்டிருக்கிறது. 264-ஆம் பிரிவின் அடையாள எழுத்துகளைத் தாங்கி நிற்பதோ நகல். ஆகவே மதராஸ் பெயர் பெற்ற பிரிவின் டிஃபயன்ட் 1940-இல் எப்படி இருந்தது என்று காண விரும்புபவருக்கு, உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே அசல் அதைக் காட்டாது, நகல்தான் காட்டும். நகல் என்றாலே இரண்டாந்தரம் என்று எண்ணும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அந்த எண்ணத்தை முதலில் அசைத்துப் பார்க்க வைத்தது இந்த ஜோடிதான்.

டிஃபயன்ட்டின் சிறப்பும் சாபமும் அதன் முதுகில் இருந்த சுழல் துப்பாக்கிக் கூண்டு. முன்னோக்கிச் சுட விமானியிடம் துப்பாக்கியே கிடையாது. அவருக்குப் பின்னால், நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளோடு சுழலும் கூண்டுக்குள் ஒருவர் அமர்ந்திருப்பார். கூண்டுக்குள் இருந்த இடம் அவ்வளவு குறுகலானது என்பதால், வழக்கமான பாராசூட்டுக்குப் பதிலாக உடையோடு இணைந்த தனிவகைப் பாராசூட்டை அவர் அணிய வேண்டியிருந்தது. விமானம் அடிபட்டால் அதிலிருந்து வெளியேறுவது மிகக் கடினம். இந்தக் குறுகலை எழுத்தில் படித்தால் மனத்தில் நிற்காது, கூண்டின் அருகில் நின்று தோளகலத்தை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். அப்படி உறைப்பதற்கு அசல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அளவு சரியாக இருந்தால் நகலே போதும். உயரம், நீளம், விமானிக்கும் சுடுபவருக்கும் இடையிலான நெருக்கம், மூக்குப் பகுதி மறைக்கும் பார்வை ஆகியவற்றை நல்ல நகல் ஒன்று அசலுக்கு நிகராகவே சொல்லிவிடும்.

நகல் சொல்ல முடியாதது, அந்த விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்பது. பிரிட்டன் போர் நினைவுப் பறக்கும் பிரிவிடம் உள்ள பி7350 என்ற ஸ்பிட்ஃபயர் 1940-இல் உண்மையாகவே சண்டையிட்டது. குண்டு துளைத்த ஓட்டைகளை அடைத்த ஒட்டுகள் இன்றும் அதன் இடது இறக்கையில் தெரிகின்றன. தையற்காரர் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது போல, ஒரு தொழிலாளி அவசரத்தில் வெட்டி அடித்த தகடு அது. அதே அளவில் ஒரு தகட்டை நகலின் இறக்கையிலும் ஒட்டலாம். ஒட்டினால் அது அலங்காரமாக இருக்கும், சான்றாக இராது.

இந்த வேறுபாட்டை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட முறை போருக்குப் பறந்து, உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டைகளை அடைத்த தடயங்களோடு திரும்பிய ஃப்ளாக் பெய்ட் என்ற பி-26 குண்டுவீச்சு விமானம் அவர்களிடம் இருக்கிறது. அதை மினுமினுப்பாக மறுவண்ணம் பூசிப் புதிதாக்காமல், உரிந்த வண்ணத்தையும் அழுக்கையும் உள்ளபடியே நிலைநிறுத்தும் பணியை மேற்கொண்டார்கள். இதற்கு மாறாக, பல நாடுகளில் அசல் விமானங்களைச் சுரண்டித் துடைத்து, வேறொரு புகழ்பெற்ற விமானியின் எண்ணையும் சின்னத்தையும் பூசிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உலோகம் அசலாகவும் மேற்பரப்பு முழுவதும் கற்பனையாகவும் இருக்கும் அந்த விமானத்தைவிட, தன்னை நகல் என்று பலகையில் ஒளிவின்றிச் சொல்லிக்கொள்ளும் ஹாக்கிஞ்ச் டிஃபயன்ட் எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

திறந்தவெளியில் வைப்பது என்று வந்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. போர் முடிந்த பிறகு பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர்கள் மலிந்து கிடந்தன. விமானத் தளங்களின் வாயிலில் அவற்றைத் தூக்கி நிறுத்தினார்கள், மழையும் பனியும் பறவை எச்சமும் அவற்றின் மேல் விழுந்தன. ஸ்பிட்ஃபயரின் உடல் அலுமினியக் கலவைத் தகடு. ஹரிக்கேனின் பின்னுடலோ எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரத்தாலான வடிவம் அமைத்துத் துணி போர்த்தியது. ஈரம் இரண்டையுமே தின்னும். 1980-களின் பிற்பாதியில் இந்த வாயில் காவலர்களின் விலைமதிப்பு உறைத்தபோது, பலவற்றை இறக்கிவிட்டு அவற்றின் இடத்தில் கண்ணாடியிழை நகல்களை நிறுத்தினார்கள். லண்டன் அருகே பிக்கின் ஹில் என்ற பழைய விமானத் தளத்தின் தேவாலயத்தின் முன்னால் இன்று நிற்கும் ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் நகல்களே. கேப்பல்-ல-ஃபெர்ன் குன்றின் மேல், கடற்காற்று நேராக மோதும் பிரிட்டன் போர் நினைவிடத்திலும் நகல்களையே வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்றில் ஓர் அசலை நிறுத்துவது அதைத் தவணை முறையில் அழிப்பதற்குச் சமம்.

நம் கோயில்களில் மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் வெயிலிலும் மழையிலும் வீதிக்கு வருகிறார். உற்சவரைப் போலி என்று எவரும் சொல்வதில்லை. விமானத்துக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இந்தியாவில் நாம் இன்னும் மூலவரையே வீதியில் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற மிக்-21, நாட் போன்ற போர் விமானங்கள் ஏராளமாக இருந்ததால், நகல் செய்யும் தேவையே எழாமல் அசல்களே படைத்தள வாயில்களிலும் நகரச் சதுக்கங்களிலும் மழையில் நிற்கின்றன. 2025 செப்டம்பரில் இந்திய விமானப்படை மிக்-21-க்கு விடைகொடுத்துவிட்டது. இன்று மலிவாகத் தெரியும் அவை, 1950-களில் ஸ்பிட்ஃபயர் இருந்த அதே நிலையில்தான் இருக்கின்றன.

அசல், நகல் என்று இரண்டே பெட்டிகள் வைத்துக்கொண்டால் எதிலும் அடங்காதவை பல உண்டு. ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் டபிள்யூ1048, 1942-இல் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று நார்வேயின் ஏரி ஒன்றில் இறங்கி மூழ்கியது; 1973-இல் வெளியே எடுக்கப்பட்டு, பெரும்பாலும் எடுத்த நிலையிலேயே, சிதைந்த உருவோடு கிடக்கிறது. யார்க்ஷயர் விமான அருங்காட்சியகத்தின் ஹாலிஃபாக்ஸ் முழு விமானமாக, கண்ணுக்கு நிறைவாக நிற்கிறது. அதன் உடற்பகுதியின் ஒரு துண்டு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூடாகப் பயன்பட்டது. இறக்கைகள் ஹேஸ்டிங்ஸ் என்ற வேறொரு விமானத்தினுடையவை. மீதியில் பெரும்பகுதியைத் தொண்டர்கள் பல ஆண்டுகள் உழைத்துப் புதிதாகச் செய்தார்கள். 1996-இல் நிறைவடைந்த அந்த விமானத்தை அசல் என்றும் சொல்ல முடியாது, வெறும் நகல் என்று ஒதுக்கவும் மனம் வராது. ஆயினும் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சிதைந்ததைத்தான் பார்ப்பேன். முழுமையான ஹாலிஃபாக்ஸ் எப்படி இருந்தது என்பதைப் படங்கள் காட்டிவிடும். ஏரியின் அடியில் முப்பது ஆண்டுகள் உலோகத்துக்கு என்ன செய்கின்றன என்பதை எந்தப் படமும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

பறக்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டவை இதைவிடச் சிக்கலானவை. 1940 மே மாதம் கலே அருகே கடற்கரையில் இறங்கிய என்3200 என்ற ஸ்பிட்ஃபயர், 1986-இல் மணலுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. 2014-இல் மீண்டும் பறந்தது. இப்போது டக்ஸ்ஃபோர்டில் இருக்கும் போர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உப்பு மணலில் ஊறிய உலோகத்தை நம்பி எவரும் வானில் ஏறமாட்டார்கள் என்பதால், இன்று பறக்கும் அந்த விமானத்தின் பொருளில் பெரும்பகுதி புதியதாகவே இருந்தாக வேண்டும். அதே கடற்கரைப் பகுதியில் கிடைத்து மீட்டெடுக்கப்பட்ட பி9374 என்ற ஸ்பிட்ஃபயர், 2015-இல் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த விலை உலோகத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று, எண்ணோடு தொடர்ந்து வரும் வரலாற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

வரலாற்று எண் எதுவும் இல்லாமல் பறப்பவையும் உண்டு. ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ ஃப்ளுக் வெர்க் என்ற நிறுவனம் 1990-களில் தொடங்கிப் புதிதாகக் கட்டியபோது, அசலில் இருந்த பி.எம்.டபிள்யூ. எஞ்சினுக்குப் பதிலாகச் சோவியத் வடிவமைப்பிலான எஞ்சினையே பொருத்தியது. மறுபக்கம், 1989-இல் லெனின்கிராட் அருகே ஒரு காட்டில் கண்டெடுக்கப்பட்ட அசல் ஃபோக்கே-வுல்ஃப் ஒன்று, பி.எம்.டபிள்யூ. எஞ்சினோடேயே அமெரிக்காவில் மறுபடி பறக்க வைக்கப்பட்டது. தரையில் நிற்கும்போது இரண்டையும் கண்ணால் பிரித்தறியப் பயிற்சி வேண்டும். எஞ்சினின் ஓசை அசலின் ஓசை என்று சொல்லத்தக்கது ஒன்றில் மட்டுமே. இந்த விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க், பிற்காலத்தில் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பணியாற்றி, பெங்களூரில் மாருத் போர் விமானத்தையும் உருவாக்கியவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆகவே காட்சிக்கு வைப்பவரிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டுதான். கூரையின் கீழ் இடமும் பராமரிக்க ஆளும் இருந்தால் அசலை வைக்கட்டும், அதன் தோலை உரிக்காமல் வைக்கட்டும். இல்லாவிட்டால் நகலை வைத்து, அது நகல் என்பதையும் யார் எப்போது எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்பதையும் எளிதில் கண்ணில் படும்படி பலகையில் எழுதட்டும். மீட்டெடுத்த விமானமாக இருந்தால் எந்தப் பகுதி பழையது, எது புதியது என்று ஒரு வரைபடம் போதும். பார்வையாளர் ஏமாறுவது நகலால் அன்று, பெரும்பாலும் அந்தப் பலகையின் மௌனத்தால்.

என்1671-ஐ 2009 முதல் 2012 வரை ராச்செஸ்டர் விமானத் தளத்தில் தொண்டர்கள் சீரமைத்தார்கள். டிஃபயன்ட்டின் உலோகத்தை, அதன் ஆணிவரிசையை, அந்தக் கூண்டின் உண்மையான பொறியமைப்பை அறிய விரும்புபவருக்கு வேறு வழியே இல்லை, அதனிடம்தான் போக வேண்டும். ஹாக்கிஞ்ச் நகலிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த அருங்காட்சியகம் இருப்பது 1940-இல் எதிரிக்கு மிக அருகில் இருந்த பழைய விமானத் தளத்தின் நிலத்தில். அந்த ஆண்டு ஜூலை 19 அன்று 141-ஆம் பிரிவின் ஒன்பது டிஃபயன்ட்கள் அந்தத் தளத்திலிருந்துதான் கிளம்பின. ஃபோக்ஸ்டோனுக்கு அப்பால் கடலின் மேல் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்களிடம் சிக்கி, சில நிமிடங்களுக்குள் அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. விமானம் நகலாக இருந்தாலும் அது நிற்கும் மண் அசல்.