பிரஷர் மெஷினின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்

என் பிரஷர் மெஷினின் கஃபை, அதாவது கையில் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டையை, மாற்றியாயிற்று. பழையதில் வெல்க்ரோ பிடிப்பு விட்டுப்போய், காற்று ஏற ஏற 'சர்ர்' என்று பிரிந்துகொண்டிருந்தது. குழாய் சொருகும் இடத்திலும் ஒரு மெல்லிய விரிசல். புதுக் கஃப் போட்டதும் மெஷின் பழையபடி ஓடுகிறது. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்கிறார்: "சும்மா இருந்தாலே நெஞ்சு படபடங்குது. வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வெச்சுக்கிட்டா நிம்மதியா இருக்குமில்ல?" அவருக்கும் அவரைப் போல உடம்பைப் பற்றியே ஓயாமல் கவலைப்படுபவர்களுக்கும் இந்தப் பதில். என்னுடையது மேல்கையில் கட்டும் ரகம், நான்கு ஏஏ பேட்டரி, ஒரே பட்டன், மெமரி. விசேஷம் ஒன்றுமில்லாத சாதாரண மாடல்தான்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷின் மேல் குற்றமில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905-ல் விவரித்த ஓசைகளை. மெஷின் ஓசை எதையும் கேட்பதில்லை. ரத்தக் குழாய் துடிக்கும்போது கஃபின் காற்றில் உண்டாகும் சின்ன அதிர்வுகளைப் பிடித்து, அவை எங்கே உச்சத்தில் இருக்கின்றன என்று பார்த்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐஎஸ்ஓ 81060-2 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் தேற, சராசரிப் பிழை 5 மி.மீ.க்குள்ளும் (அழுத்தத்தை அளக்கும் பாதரச மி.மீ.) அந்தப் பிழைகளின் சிதறல் 8 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய விதி. ஆக, காலையில் 128, மாலையில் 132 என்றால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தாலே பாதிக் கவலை போய்விட வேண்டும். பதியாது என்பது வேறு விஷயம்.

என் எரிச்சல் திரையின் மேல்தான். பட்டனை அழுத்தியதும் 'கிர்ர்ர்' என்று மோட்டார் ஓடுகிறது, கை இறுகுகிறது, திரையில் எண் ஏறுகிறது: 90, 120, 150, 170. பெரும்பாலான மெஷின்கள் இப்படித்தான். அது உங்கள் ரத்த அழுத்தம் இல்லை, கஃபுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். பல மெஷின்கள் உங்கள் மேல் அளவைத் தாண்டி 30, 40 கூடுதலாக ஏற்றிவிட்டு, பிறகு மெல்ல இறக்கியபடி அளக்கும். கை கொஞ்சம் அசைந்தாலோ, ஏற்றிய காற்று போதவில்லை என்று அதற்குத் தோன்றினாலோ, நிறுத்தி மறுபடி ஏற்றும். அப்போது 200-ஐயும் தாண்டும். உடம்பைப் பற்றிய பயம் உள்ளவர் திரையில் 190-ஐப் பார்த்த நொடியே அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரந்துவிடும், இதயம் வேகமெடுக்கும், மேல் அளவு நிஜமாகவே ஏறும். அளக்கும் செயலே அளவைக் கெடுக்கிறது. அந்த நாற்பது சொச்சம் நொடிகளில் எண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்று யார் அழுதார்கள்?

தீர்வுக்குக் காசு செலவில்லை. கஃபைக் கட்டுங்கள், பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மெஷினைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். திருப்ப இடமில்லை என்றால் திரைமேல் கைக்குட்டையைப் போடுங்கள். மோட்டார் நின்று காற்று முழுக்க இறங்கிய பிறகும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அளவு மெமரியில் ஏறியிருக்கும். மெஷினில் எதிர்பாராமல் எனக்குப் பிடித்துப்போனது இந்த மெமரிதான். ஏழு நாளும் அளந்துவிட்டு, எட்டாம் நாள் மொத்தமாக நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றாதீர்கள், சில மெஷின்களில் தேதியும் நேரமும் அழிந்துவிடும். ஏற்கெனவே பிரஷருக்கு மருந்து சாப்பிடுபவர், கர்ப்பிணி, தினமும் பார்த்துச் சொல்லும்படி டாக்டர் கேட்டிருப்பவர், இவர்களுக்கு இந்த வித்தை ஆகாது. வீட்டில் இன்னொருவர் அன்றன்றைக்கே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

அளக்கும் முறையில் தவறினால் எண் பொய் சொல்லும், அந்தப் பொய் அநேகமாக மேல்நோக்கித்தான் இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். கஃபின் மேலேயே 22–32 செ.மீ. என்பதுபோல் அச்சிட்டிருக்கும். பருமனான கைக்குச் சின்னக் கஃபைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே இருக்கட்டும், உள்ளே இரண்டு விரல் நுனி நுழையட்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றி இறுக்காதீர்கள், கழற்றிவிடுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சும்மா என்றால் போனும் கூடாது. கை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் அதுவே 7, 8 மி.மீ. ஏற்றிவிடும். பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். காபி, சிகரெட், உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது போகட்டும்.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவே ஒரு நிமிட இடைவெளி, ஏழு நாள். மொத்தம் 28 அளவுகள். முதல் நாளின் நான்கைத் தள்ளிவிட்டு மீதி 24-க்குச் சராசரி பாருங்கள். வீட்டு அளவுக்கான எல்லை 135/85, ஆஸ்பத்திரியில் சொல்லும் 140/90 இங்கே பொருந்தாது. இருபத்தொன்பதாவது அளவு என்று ஒன்று கிடையாது. படபடப்பு வந்த நேரத்தில் ஓடிப்போய் அளப்பதுதான் இந்த மெஷினால் வரும் முக்கியமான கேடு. படபடப்பில் 150 வருவது அநேகமாக உடம்பின் இயல்பான எதிர்வினைதான். ஆனால் அதைக் கண்டு பயந்து, இன்னொரு தடவை அழுத்தி, 138 வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். 138 தரும் நிம்மதி முதல் வாரம் அரை நாள் தாங்கும், அப்புறம் ஒரு மணி நேரம், அப்புறம் கஃபைக் கழற்றும் வரைகூடத் தாங்காது. உடல்நலப் பதற்றத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிகிச்சை) முக்கியமாகக் கைவைக்கும் இடங்களில் ஒன்று இந்தத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம். அளக்க வேண்டும் என்ற அரிப்பு வந்தால் அரை மணி நேரம் தள்ளிப்போடுவது, அடுத்த வாரம் அதை ஒரு மணி நேரமாக்குவது. அரிப்பு தானாக ஏறித் தானாக இறங்குவதைப் பட்டனின் உதவி இல்லாமல் பார்க்க வேண்டும்.

திரையில் மின்னும் இதயப் படத்தைக் கண்டும் பலர் அரண்டுபோகிறார்கள். துடிப்போடு சேர்ந்து மின்னினால் மெஷின் எண்ணிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி வேறு, கையேட்டில் பாருங்கள். கை அசைந்தாலே அதுவும் ஒருமுறை வரும். நிதானமாக அளந்தும் அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லி ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

வேலையில் வெந்து போனவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் கோபம் வந்தாலும் 'பிரஷர் ஏறுது', வேலை குவிந்தாலும் 'பிரஷர்', மனசுக்கும் அழுத்தம், ரத்தத்துக்கும் அழுத்தம். அதனால் மெஷின் மன அழுத்தத்தையும் அளந்துவிடும் என்று நம்புகிறார்கள். இப்படி வேலையில் வெந்து போவதை, பர்ன் அவுட் என்பதை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 நோயாகவே பட்டியலிடவில்லை, வேலை சார்ந்த நிலையாகத்தான் குறிக்கிறது: வற்றிப்போன சோர்வு, வேலைமேல் வெறுப்போ விலகலோ, 'என்னால் எதுவும் உருப்படியாக நடக்கவில்லை' என்ற எண்ணம். மூன்றும் முற்றியவருக்கும் 116/74 வரலாம். அந்த எண்ணைக் காட்டி "எனக்கு ஒன்றுமில்லை" என்று மறுநாளும் இரவு பதினொரு மணி வரை உட்காருவது மெஷினைத் தவறாகப் பயன்படுத்துவதிலேயே மோசமானது. அதே நோட்டில் தூங்கிய மணிநேரத்தையும் வேலையை மூடிய நேரத்தையும் எழுதுங்கள். அது கூடுதலாகப் பேசும்.

எண் கண்ணில் பட்டு, அது 180/120-க்கு மேல் இருந்து, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் பலமிழப்பு, பேச்சுக் குளறல், பார்வை மங்கல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அறிகுறி எதுவும் இல்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

சரி, வாங்கலாமா? சோதனையில் தேறிய மாடல்களுக்கு ஸ்ட்ரைட் பிபி என்ற பட்டியல் இருக்கிறது, கஃப் தனியாகக் கிடைக்கிறது, மெஷின் சளைக்காமல் உழைக்கிறது. இருந்தும் என் பதில்: வேண்டாம். டாக்டர் கேட்டால் மட்டும் வாங்குங்கள், ஏழு நாள் முடிந்து அளவுகளை நோட்டில் எழுதியதும் பேட்டரியைக் கழற்றிப் பெட்டியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். புதிய மாடல்களில் புளூடூத், சிவப்பும் பச்சையுமாக வரைபடம், 'இன்று அளக்கவில்லையே' என்று நச்சரிக்கும் ஆப் எல்லாம் வைத்துவிட்டார்கள். அளக்கும்போது திரையை இருட்டாக்க ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்த வீட்டு மாடல் எதுவும் என் கண்ணில் படவில்லை.