லேசர் ஆஞ்சியோ: திருச்சியில் அப்பாவுக்குச் செய்தது

பாபநாசத்திலிருந்து அப்பாவைத் திருச்சிக்கு அழைத்துப் போனோம், ரத்தக்குழாயைத் திறந்து வைக்க முன்பு பொருத்திய ஸ்டென்ட் என்ற வலைக்குழலுக்குள்ளேயே மறுபடியும் அடைப்பு. எக்ஸைமர் லேசர் என்றதும் அம்மா பயந்துபோய், "உள்ள சுட்டுடாதா தம்பி?" என்று டாக்டரிடம் கேட்டே விட்டார். மனுஷர் பொறுமையாகத் திரையில் காட்டிச் சொன்னார்: இது 308 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், சூடு அதிகம் பரவாது, கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் முனை தொடுகிற இடத்தில் அடைப்பை மெல்லிய படலமாகச் சிதைத்துக்கொண்டே போகும், லேசர் பாயும்போது சலைன் (உப்பு நீர்) ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், படத்தில் குழாய் தெரியச் செலுத்தும் சாய மருந்து தேங்கியிருந்தால் குமிழி வெடித்து ரத்தக்குழாய் கிழியவும் வாய்ப்புண்டு. அப்புறம் வழக்கம்போல பலூனை விரித்துக் குழாயை அகலமாக்குவதுதான். கல்லாய் இறுகிய கால்சியத்துக்கு இது அவ்வளவாக உதவாது என்பதையும் மறைக்கவில்லை, அது பிடித்தது. பில்லிங் கவுண்டர் மட்டும் மகா மோசம். லேசர் கதீட்டருக்குத் தனிக் கட்டணம் என்று கடைசியில்தான் சொன்னார்கள். போகிறவர்கள் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.