ஃபியோ: நாஸ் வாங்க முன்னமும் வாங்கிய பிறகும் ஓட்டிப் பார்க்க வேண்டிய கருவி

கலியாண வீடியோ எடிற் செய்யும் ஸ்டூடியோக்களும் கணக்காளர் அலுவலகங்களும் யாழ்ப்பாணத்தில் இப்போது நாஸ் (நெற்வேர்க்கில் பலர் பகிரும் சேமிப்புப்) பெட்டி வாங்குகின்றன. கடையில் காட்டப்படுவது ஒரு பெரிய கோப்பைக் கொப்பி பண்ணும் வேகம் மட்டும். 1 கிகாபிற் நெற்வேர்க்கில் அது நல்ல பெட்டி எதிலும் செக்கனுக்கு 110 மெகாபைற் அளவில் வந்து நின்றுவிடும். அது கம்பியின் எல்லை. டிஸ்க்கைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது. நாலு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் பெட்டி தாங்குமா என்று பார்க்க, டிஸ்க்குக்குச் செயற்கையாகச் சுமை கொடுத்து வேகத்தையும் தாமதத்தையும் அளக்கும் ஃபியோவை (fio) ஓட்ட வேண்டும்.

லினக்ஸ் கேர்னலில் டிஸ்க் வாசிப்பு, எழுத்தைக் கையாளும் பிளொக் அடுக்கைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய இலவச மென்பொருள் இது. விண்டோஸிலும் ஓடும், அங்கே ட்ரைவ் எழுத்துக்குப் பின்வரும் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடாவிட்டால் கோப்பின் பெயரைப் பிழையாகப் பிரித்துவிடும்.

அலுவலகச் சுமைக்கு ஏற்ற தொடக்கம்: 4 கிலோபைற் பிளொக், 70 வீதம் வாசிப்பு, 30 வீதம் எழுத்து, எல்லாம் ரண்டம் (சிதறிய இடங்களில்), நம்ஜாப்ஸ் (ஒரே நேரத்தில் ஓடும் ஜாப்கள்) 4, ஐஓடெப்த் (ஒரு ஜாப் ஒரே நேரத்தில் அனுப்பி வைத்திருக்கும் கோரிக்கைகள்) 16, ராம்ப்டைம் (கணக்கில் சேராத தொடக்க நேரம்) 30 செக்கன், ரன்டைம் (அளக்கும் நேரம்) 300 செக்கன். 'டைம்பேஸ்ட்' சேர்க்க மறந்தால் கோப்பு முடிந்ததும் சோதனையும் நின்றுவிடும்.

கனபேர் பிழைவிடுவது எஞ்சினில், அதாவது ஃபியோ கோரிக்கைகளை டிஸ்க்குக்கு அனுப்பும் விதத்தில். லினக்ஸில் எஞ்சின் குறிப்பிடாவிட்டால் ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும் முறையில் ஓடும். ஐஓடெப்த் 16 என்று எழுதியதற்கு அர்த்தமே இராது. பல கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பும் 'லிப்ஏஐஓ' எஞ்சினைப் போட்டு, கூடவே 'டைரக்ட்=1' போடுங்கள். முடிவில் ஐஓ டெப்த்ஸ் வரியில் 1 என்பதற்கு நேரே 100 வீதம் நின்றால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போடலாம்.

டைரக்ட் போட்டாலும் தவிர்க்கப்படுவது உங்கள் கணினியின் கேஷ் (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) மட்டும். நாஸின் ராம் நடுவில் நிற்கிறது. ராம் 8 கிகாபைற் என்றால் மொத்தக் கோப்பு அளவு 32 கிகாபைற் ஆவது இருக்கட்டும். (கோப்பின் பெயர் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு ஜாப்பும் தனிக் கோப்பு எழுதும், 8 கிகாபைற் தர 4.) நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும், ஆகவே செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் ரண்டம் வாசிப்பு அதால் முடியாது. தனி வன்தட்டு ஒன்று செக்கனுக்கு 5000 ரண்டம் வாசிப்பு காட்டினால் நீங்கள் அளந்தது ராமை.

எஸ்எஸ்டியில் ஏமாற்றம் வேறு மாதிரி. முதல் சில கிகாபைற் வேகமான கேஷில் இறங்கும். அது நிரம்பியதும் வேகம் விழும். ஆகவே எழுத்துச் சோதனையை வேகம் விழுந்து நிலைக்கும்வரை ஓட்டுங்கள், அதுவும் சித்திரை மாத மத்தியானத்தில், ஏசி இல்லாத அதே அறையில். சூடேறினால் என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி தானே வேகத்தைக் குறைக்கும். இரவில் ஓட்டினால் அது வெளியே வராது. பில்லிங் டேட்டாபேஸ் வைப்பவர்கள், ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்க வைக்கும் 'எஃப்சிங்க்=1' போட்டு ஒருதடவை ஓட்டிப் பார்க்கவேண்டும். கரண்ட் நின்றால் காக்கும் மின்தேக்கி இல்லாத எஸ்எஸ்டி பெரும்பாலும் அங்கேதான் படுக்கும்.

சராசரியைப் பார்த்து மயங்க வேண்டாம். 99ஆவது சதமான தாமதத்தை, அதாவது நூறு கோரிக்கையில் 99 எந்த நேரத்துக்குள் முடிகிறது என்பதைப் பாருங்கள். ஆட்கள் 'சிஸ்டம் இறுகுது' என்று சொல்வது அதைத்தான்.

தானியங்கியாக்க இதைவிட வசதியான கருவி இல்லை. ஜாப்பைக் கோப்பில் எழுதி, முடிவை ஜேசன் வடிவில் (நிரல்கள் வாசிக்கும் எழுத்து வடிவம்) எடுத்து, குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் கிரானில் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு வையுங்கள். பக்கப் ஓடும் நேரத்தில் வேண்டாம். ஜேசனில் தாமதம் நானோசெக்கனில் வரும், 10 லட்சத்தால் பிரித்தால்தான் மில்லிசெக்கன். பெட்டி புதிதாக இருந்தபோது எடுத்த தாமதத்தைவிட இரண்டு மடங்கானால் மின்னஞ்சல் போகட்டும். நாலு கணினியிலிருந்து ஒரேநேரம் சுமை கொடுக்க சேர்வர் முறை உண்டு, போர்ட் 8765. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. வேலை முடிந்ததும் மூடுங்கள்.

குறை: வெளியீட்டை வாசிக்கப் பழக வேண்டும், வரைபடம் தானாக வராது. ஆபத்தும் ஒன்று இருக்கிறது. கோப்புக்குப் பதிலாக டிஸ்க்கின் பெயரையே கொடுத்து எழுத்துச் சோதனை ஓட்டினால் உள்ளே இருந்த தரவு அழியும். மவுண்ட் ஆன (கணினி கோப்புகளுக்குத் திறந்து வைத்திருக்கும்) டிஸ்க் என்றால் ஃபியோ மறுக்கும்; மவுண்ட் ஆகாததைக் கேள்வி கேட்காமல் எழுதித் தள்ளும். வாசிப்பு மட்டும் போதுமென்றால் எழுத்தைத் தடுக்கும் 'ரீட்ஒன்லி' சேர்த்தே ஓட்டுங்கள்.