கோத்தகிரி அடைமழையும் என் ஸ்மார்ட்கார்டும் – மூணு வருஷ அனுபவம்

தேயிலை ஃபேக்டரி ரெண்டு மூணுக்கு வீட்லேர்ந்தே கணக்கு பாக்குறேன், அவங்க ஃபைல் எல்லாம் ஜிபிஜிங்கிற என்க்ரிப்ஷன் சாஃப்ட்வேர்ல பூட்டி வெச்சிருக்கேன், அதைத் திறக்குற கீ ஸ்மார்ட்கார்டுக்குள்ள, யுஎஸ்பி ரீடர்ல கார்டைச் சொருகினாத்தான் திறக்கும். உபுண்டு லினக்ஸ் 22.04ல ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல. 24.04க்கு மாறின பிறகு ஒருநாள் காலைல 'செலக்டிங் கார்டு ஃபெயில்ட், நோ சச் டிவைஸ்'னு வந்து நின்னுடுச்சு.

அப்போ ஐப்பசி மழை, ஜன்னலைத் திறந்தா பனி மேஜை வரைக்கும் வரும், அதனால ஈரம்தான்னு நெனச்சு கார்டோட சிப்பை ஸ்பிரிட் தொட்ட துணியால தொடச்சேன், ஹீட்டர் பக்கத்துல வெச்சேன், கோயம்புத்தூர்லேர்ந்து புது ரீடரே வாங்கிட்டேன், அப்பவும் அதே எரர். ஊட்டிலேர்ந்து வந்த அக்கா பையன்தான் பாத்துட்டு "மாமா, யுஎஸ்பி லிஸ்ட்ல ரீடர் தெரியுதே, அப்புறம் ஈரம் எங்க வந்துச்சு"ன்னான்.

விஷயம் இதுதான். ஜிஎஸ்டிக்கு டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து போடுற யுஎஸ்பி) போட்டப்போ, கார்டு ரீடர்களைப் பாத்துக்குற பிசிஎஸ்சிடி சர்வீஸும் கூடவே ஏறியிருக்கு, அது மெஷின்ல இருக்குற எல்லா ரீடரையும் புடிச்சுக்கும். ஜிபிஜில கார்டோட பேசுற பகுதியான எஸ்சிடீமனும் தன் சொந்த டிரைவரால அதே ரீடரைப் புடிக்கப் பாக்குது. ஜிபிஜியோட பழைய 2.2 வெர்ஷன்ல ரீடர் அப்படி கிடைக்கலைன்னா எஸ்சிடீமன் தானாவே பிசிஎஸ்சிடி வழியா போயிடும், 2.3லேர்ந்து அப்படி தானா மாறாது, உபுண்டு 24.04ல வர்றது 2.4. ஹோம்ல டாட் ஜிஎன்யுபிஜி ஃபோல்டர்ல எஸ்சிடீமன் டாட் கான்ஃப்னு ஒரு ஃபைல் போட்டு உள்ள டிஸேபிள்-சிசிஐடின்னு (disable-ccid, அந்த சொந்த டிரைவரை விட்டுடுன்னு அர்த்தம்) ஒரே வரி எழுதி, எஸ்சிடீமனை கில் பண்ணிட்டு ஜிபிஜியோட கார்டு-ஸ்டேட்டஸ் கமாண்டை அடிச்சதும் கார்டோட சீரியல் நம்பர் வந்துடுச்சு. அன்னிக்கு எனக்கு இருந்த நிம்மதி சொல்லி மாளாது, மாசக் கடைசி வேற.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், கார்டு வேலை செய்யலையேன்னு பதட்டத்துல பின் நம்பரை மாத்தி மாத்தி அடிக்காதீங்க. கார்டு-ஸ்டேட்டஸ்ல பின் ரீட்ரை கவுன்டர்னு (இன்னும் எத்தனை தடவை தப்பா அடிக்கலாம்னு) 3 0 3 மாதிரி வரும், முதல் எண் 0 ஆனா பின் பூட்டிக்கும், அதை அட்மின் பின்னால திறக்கலாம், அட்மினும் பூட்டிக்கிச்சுன்னா கார்டை ரீசெட் பண்றதுதான் வழி, உள்ள இருக்குற கீ போயிடும். பேக்கப் இல்லாதவங்களுக்கு அந்த ஃபைல் எல்லாம் போனது போனதுதான்.

அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுசா ஓடிடுச்சு. சிஸ்டம் ஸ்லீப்லேர்ந்து எழுந்தா மட்டும் சில நேரம் கார்டு தெரியாது, ஜிபிஜிகான்ஃப் கமாண்டால எஸ்சிடீமனை கில் பண்ணி கார்டை உருவிச் சொருகினா வந்துடுது.